ஓபியாய்டு சிகிச்சை பலன் தருகிறதா: சிறுநீரா, வருகையா, கேள்வித்தாளா?

போன மாதம் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒருவர் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றின் சிகிச்சை மையத்தை நடத்துபவர். "வருஷக் கடைசியில் கொஞ்சம் பணம் மிச்சமிருக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனை கிட் மொத்தமாக வாங்கிப் போடவா, இல்லை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரிடமும் உட்கார்ந்து கேள்வி கேட்க ஒரு ஆளை வைக்கவா?" இன்னொருவர் ஒரு அம்மா. மகன் ஒன்றரை வருடமாக, ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் பியூப்ரெனார்பின் மாத்திரை எடுக்கிறான். "குணமாகிட்டு வர்றானா இல்லையான்னு எதை வெச்சு தெரிஞ்சுக்கறது?"

நான் இந்த வேலையில் கவுன்சலராகப் பதினோரு வருடம் இருந்திருக்கிறேன். பதிவேடு எழுதுவதும் பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அதனால் இந்தக் கேள்வியோடு நானும் நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஓபியாய்டு என்பது அபின், மார்பின், ஹெராயின், அதே போல வேலை செய்யும் வலி மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர். இந்தியாவில் இது சின்ன விஷயமில்லை. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம் எடுத்து 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, ஏதாவது ஒரு ஓபியாய்டைப் பயன்படுத்துபவர்கள் சுமார் 2.26 கோடி பேர். அவர்களில் உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கலில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம். ஹெராயின் மட்டுமில்லை, மருந்துக்கடை மாத்திரைகளும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு டேபென்டடால் என்ற வலி மாத்திரையின் பெயரைச் சொன்னாலே போதும், எதைப் பேசுகிறேன் என்று புரியும்.

## எதை வைத்து எடை போடுவது

சர்க்கரை வியாதிக்கு மூன்று மாதச் சராசரி என்று ஒரு எண் இருக்கிறது. ரத்தம் எடுத்தால் வந்துவிடும். ஓபியாய்டு சார்பு நோயும் சர்க்கரை மாதிரி நீண்ட காலம் இருக்கிற நோய்தான், ஆனால் இதற்கு அப்படி ஒரு எண் கிடையாது. மருந்து, உடம்பு, வேலை, வீடு, போலீஸ், ஊசி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. எதை அளந்தாலும் ஒரு பக்கம்தான் தெரியும்.

அதனால் எந்த முறையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இது: இந்த எண் கைக்கு வந்தால், அடுத்த வாரம் இந்த நோயாளிக்கு நான் வேறு விதமாக ஏதாவது செய்வேனா? டோஸை ஏற்றுவேனா, வரும் நேரத்தை மாற்றுவேனா, வீட்டாரிடம் பேசுவேனா? எதுவும் செய்யப்போவதில்லை என்றால் அது ரிப்போர்ட்டுக்கான எண், சிகிச்சைக்கானது இல்லை.

அப்புறம் செலவு. ரூபாய்ச் செலவு எல்லோருக்கும் தெரியும். ஊழியரின் நிமிடங்கள் அடுத்தது. எந்த பட்ஜெட்டிலும் எழுதப்படாத செலவு நம்பிக்கை. நோயாளி நம்மை நம்பாமல் போனால் அதற்கு அப்புறம் எடுக்கிற எந்த அளவும் உண்மையாக இருக்காது.

எளிதில் தப்பாகப் படிக்கப்படுமா, ஏமாற்ற முடியுமா என்பதும் பார்க்க வேண்டும். நோயாளி தன் வாயால் "எனக்கு இதுதான் முக்கியம்" என்று சொல்கிற விஷயம் அந்த அளவில் இருக்கிறதா என்பதையும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கவிழ்க்கிற ஒன்று இருக்கிறது: கணக்கில் யார் விடுபடுகிறார்கள்? இதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்த எக்ஸ்-பாட் என்ற ஆய்வு. 2017இல் முடிவு வெளியானது. 570 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாதம் ஒருமுறை, ஓபியாய்டு வேலை செய்யாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் ஊசி, இன்னொரு பாதிக்கு நாக்கின் கீழ் வைக்கும் பியூப்ரெனார்பின்-நலாக்ஸோன். நால்ட்ரெக்ஸோன் போடுவதற்கு முன் உடம்பில் ஓபியாய்டு சுத்தமாக இறங்கியிருக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தைத் தாண்ட முடியாமல் அந்தப் பக்கத்தில் 28% பேருக்கு மருந்தைத் தொடங்கவே முடியவில்லை. பியூப்ரெனார்பின் பக்கம் 6% பேருக்குத்தான் அப்படி ஆனது. மருந்தைத் தொடங்கியவர்களை மட்டும் எண்ணினால் 24 வாரத்தில் பழைய பழக்கத்துக்குத் திரும்பியவர்கள் நால்ட்ரெக்ஸோன் பக்கம் 52%, பியூப்ரெனார்பின் பக்கம் 56%. ரெண்டும் ஒன்றுதான் போல என்று தோன்றும். சேர்ந்த எல்லோரையும் எண்ணினால் 65%, 57%. மருந்து மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை. கீழே போட்ட எண்ணிக்கை, அதாவது எத்தனை பேரில் என்று வகுக்கிற எண், அது மட்டும் மாறியது.

நம் ஊர் மையங்களின் ஆண்டறிக்கையில் "வெற்றி விகிதம்" என்று ஒன்றைப் பார்த்தால், இனி முதலில் தேட வேண்டியது கீழே போட்ட அந்த எண்ணிக்கையைத்தான்.

## சிறுநீர்ப் பரிசோதனை

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கண்ணால் பார்க்கலாம், ஐந்து நிமிடத்தில் பதில். குடும்பத்தாரும் இதைத்தான் கேட்பார்கள்.

ஸ்ட்ரிப் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். இதில் நேர் எதிர்: இரண்டு கோடு வந்தால் நெகட்டிவ், 'டி' என்ற இடத்தில் கோடு வராமல் போனால்தான் பாசிட்டிவ். 'டி' கோடு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் தெரிந்தாலும் அது கோடுதான், அது நெகட்டிவ்தான். நான் முன்பு வேலை செய்த ஒரு மையத்தில் புதிதாகச் சேர்ந்த ஊழியர் மங்கலான கோட்டைப் பாசிட்டிவ் என்று எழுதிவிட்டார். அதை வைத்து ஒருவரின் வீட்டுக்குக் கொண்டுபோகும் மாத்திரையை நிறுத்தினோம். ஆட்டோ ஓட்டுபவர், நாற்பது வயது இருக்கும். "மேடம், நான் தொடவே இல்லை" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை. அடுத்த நாள் வரவும் இல்லை. தவறு தெரிந்து நான் போன் செய்தபோது எடுக்கவில்லை. எல்லாம் ஒரு கோட்டைத் தப்பாகப் படித்ததால்.

ஸ்ட்ரிப் எதைப் பிடிக்கும் என்பதும் முக்கியம். சாதாரண ஓபியேட் ஸ்ட்ரிப் தேடுவது மார்பினை. ஹெராயின் உடம்பில் மார்பினாக மாறுவதால் அது தெரியும். கோடீன் கலந்த இருமல் சிரப் குடித்தாலும் தெரியும். டேபென்டடால், டிராமடால், மெத்தடோன், ஃபென்டனில் இதில் தெரியாது. அதாவது தமிழ்நாட்டில் ஒருவர் டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் இந்த ஸ்ட்ரிப் "சுத்தம்" என்றே சொல்லும். கிட் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை, எந்தெந்த மருந்துக்கான ஸ்ட்ரிப் என்பதை.

இதன் மறுபக்கம் கசகசா. குருமாவிலும் பாயசத்திலும் நாம் அரைத்து ஊற்றுகிற அதே கசகசாதான். அதில் ஒட்டியிருக்கும் மார்பின் சிறுநீரில் வரும். அமெரிக்காவில் அரசு ஊழியர் பரிசோதனைக்கான வரம்பை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக 1998இல் உயர்த்தியதற்கு முக்கியக் காரணமே இதுதான். உங்கள் ஸ்ட்ரிப் உறையில் 300 என்று இருக்கிறதா, 2000 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 300 என்றால், "நேற்று வீட்டில் என்ன சமையல்?" என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இன்னொன்று, காலம். மார்பின் பொதுவாக இரண்டு மூன்று நாள்தான் சிறுநீரில் தெரியும். மாதம் ஒருமுறை சோதித்தால் முப்பது நாளில் மூன்று நாளைப் பார்க்கிறோம். வாரம் இரண்டு முறை சோதித்தால் விடுபடுகிற நாள் மிகக் குறைவு, ஆனால் பணமும் நேரமும் கரைந்துவிடும்.

வராத சாம்பிளை என்ன செய்வது என்பதில் பெரிய ஓட்டை இருக்கிறது. பத்துப் பேரிடம் கேட்டு நான்கு பேர் மட்டும் கொடுத்து, நான்கும் சுத்தமாக இருந்தால் "100% சுத்தம்" என்று எழுதுவதா, "40%" என்று எழுதுவதா? ஆய்வுகளில் பெரும்பாலும் வராததைப் பாசிட்டிவாகவே எண்ணுகிறார்கள். அது கொஞ்சம் கடுமைதான், ஆனால் 100% என்று எழுதுவதைவிட நேர்மையானது.

ஏமாற்று வேலையைப் பற்றி ஒரு வரி. கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் சிறுநீரின் வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். டப்பாவில் ஒட்டும் ஸ்டிக்கர் அதைக் காட்டும். மாத்திரையை விற்றுவிட்டு, அதில் ஒரு துண்டைச் சிறுநீரில் கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. லேபில் பியூப்ரெனார்பின் அளவு எக்கச்சக்கமாகவும், உடம்பு அதை உடைத்து உண்டாக்கும் நார்பியூப்ரெனார்பின் கொஞ்சமும் இல்லாமலும் வந்தால் அது மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு குறை சொன்னாலும் சில நேரத்தில் இதற்கு மாற்றே இல்லை. புதிதாகச் சேருகிறவர் உண்மையில் ஓபியாய்டு எடுப்பவர்தானா என்று உறுதி செய்ய வேண்டும். பியூப்ரெனார்பின் கொடுக்கும்போது, அது உள்ளேதான் போகிறதா என்று சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டும். டோஸ் போதவில்லை என்று தோன்றும்போதும் உதவும்: பாசிட்டிவ் வந்தால் டோஸை ஏற்ற வேண்டுமா என்று டாக்டர் யோசிக்கலாம். டோஸைக் கட் செய்வதற்கான காரணமாக அதை மாற்றிய இடங்களில்தான் இந்த முறை விஷமாகிறது.

## தொடர்ந்து வருகிறார்களா

பார்க்க மிகச் சாதாரணமான அளவு. ஒருவர் சேர்ந்து ஆறு மாதம் கழித்து இன்னும் வருகிறாரா? ஆனால் எனக்கு இதன் மேல்தான் அதிக மரியாதை, காரணத்தைச் சொல்கிறேன்.

ஸ்வீடனில் நடந்து 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு. மொத்தம் 40 பேர். இருபது பேருக்கு ஒரு வருடம் தினமும் பியூப்ரெனார்பின். மற்ற இருபது பேருக்கு ஆறு நாளில் படிப்படியாகக் குறைத்துவிட்டு, அப்புறம் வெறும் மாத்திரை. இரு பக்கமும் ஒரே அளவு கவுன்சலிங். ஒரு வருடம் கழித்து மருந்துப் பக்கம் 75% பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மற்ற பக்கம் ஒருவர்கூட இல்லை. அந்தப் பக்கத்தில் நான்கு பேர் இறந்திருந்தார்கள்.

பெரிய கணக்கும் அதையே சொல்கிறது. 2017இல் பிஎம்ஜே இதழில் பல நாடுகளின் பதிவுகளைச் சேர்த்து வந்த ஆய்வில், மெத்தடோன் (பியூப்ரெனார்பின் போல இதுவும் சிகிச்சை மருந்து) எடுக்கும் காலத்தில் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு 11.3 மரணங்கள், நிறுத்திய காலத்தில் 36.1. பியூப்ரெனார்பினுக்கு 4.3, 9.5. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருப்பது, அந்த ஆள் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பை நேரடியாகக் கூட்டுகிறது.

இதில் செலவு என்று பார்த்தால் காகிதமும் கால்குலேட்டரும்தான். தினமும் மருந்து கொடுக்கிற இடத்தில் வருகைப் பதிவு ஏற்கெனவே இருக்கும். ஆனால் கணக்கிடுவதில் தவறு நடக்கிறது. "எங்களிடம் இப்போது 130 பேர் வருகிறார்கள்" என்பது தொடர்வருகை அளவு இல்லை. அதில் நேற்றுச் சேர்ந்தவரும் இருப்பார், ஆறு வருடமாக வருபவரும் இருப்பார், விட்டுப்போனவர் மட்டும் இருக்கமாட்டார். சேர்ந்த காலத்தை வைத்து ஒரு கூட்டமாகப் பிரியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை 40 பேர் சேர்ந்தார்கள் என்று வையுங்கள். செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதம் ஆகியிருக்கும். அவரவர் ஆறாவது மாதத்தில் வந்துகொண்டிருந்தவர் 22 பேர் என்றால் 55%. அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கும் அதே போல. அவ்வளவுதான் வேலை.

எத்தனை நாள் வராவிட்டால் "விட்டுவிட்டார்" என்று எழுதுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து சுவரில் ஒட்டிவிடுங்கள். வருடத்துக்கு ஒரு விதி என்று மாற்றினால் போன வருடத்தோடு ஒப்பிட முடியாது. வேறு மையத்துக்கு மாறியவர், ஜெயிலுக்குப் போனவர், இறந்தவர் இவர்களுக்குத் தனித்தனிக் குறியீடு வேண்டும். எல்லோரையும் "டிராப் அவுட்" என்ற ஒரே பையில் போடக்கூடாது.

இதில் மறைந்திருக்கிற சிக்கலும் உண்டு. கட்டட வேலைக்குப் போகிறவர் காலை ஏழு மணிக்கு வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நிற்க வேண்டும். மையம் திறப்பது பத்து மணிக்கு. அவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அவர் வராமல் போனால் நம் பதிவேட்டில் அது அவருடைய தோல்வியாக நிற்கும், உண்மையில் அது நம் கதவு திறக்கும் நேரத்தின் தோல்வி. கொரோனா காலத்தில் வீட்டுக்கே சில நாள் மாத்திரை கொடுக்க அனுமதி வந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. தினமும் வர முடியாமல் திணறியவர்கள் அப்போது மூச்சு விட்டார்கள். ஆக, தொடர்வருகை குறைந்தால் முதலில் நோயாளியைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தையும் பஸ் கட்டணத்தையும் பாருங்கள்.

இன்னொரு பக்கம், ஒருவர் வந்துகொண்டே இருந்து உள்ளே வேறு எதையாவது எடுத்துக்கொண்டும் இருக்கலாம், வாழ்க்கை ஒரு அங்குலம் நகராமலும் இருக்கலாம். வருகை அதைச் சொல்லாது. அதற்குத்தான் கேள்வித்தாள்.

## கேள்வித்தாள்

நோயாளி உண்மை சொல்வாரா என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம். போதைப் பழக்கத்தில் இருப்பவர் என்றாலே பொய் சொல்பவர் என்று முடிவு கட்டுகிற ஊர் இது. ஆனால் சொல்வதால் தண்டனை எதுவும் வராது என்று தெரிந்தால் அவர்கள் சொல்வது நம்பத் தகுந்ததாகவே இருக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. என் அனுபவமும் அதுதான். கேட்கிற ஆளும் மாத்திரை கொடுக்கிற ஆளும் ஒருவராக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

எந்தக் கேள்வித்தாள்? பழையது, முழுமையானது ஏஎஸ்ஐ (அடிக்‌ஷன் சிவியரிட்டி இண்டெக்ஸ்). 1980இல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் உருவானது. உடல்நலம், வேலை, மது, போதைப்பொருள், சட்டச் சிக்கல், குடும்பம், மனநலம் என ஏழு பகுதி. ஒருவருக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், நடத்துபவருக்குப் பயிற்சியும் வேண்டும். சேரும்போது ஒருமுறை செய்தால் அந்த ஆளைப் பற்றி முழுப் படம் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 பேருக்கு இதைச் செய்வேன் என்று கிளம்பிய எந்தச் சிறு மையமும் அதை ஒரு வருடம் தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை. நாலாவது மாதத்தில் ஊழியர்களே போன முறை பதிலைப் பார்த்து நிரப்ப ஆரம்பித்துவிடுவார்கள்.

சின்னது வேண்டுமென்றால் இங்கிலாந்தின் டாப் (ட்ரீட்மெண்ட் அவுட்கம்ஸ் ப்ரொஃபைல்). 2008இல் வந்தது. மொத்தம் 20 கேள்வி, எல்லாமே கடந்த 28 நாளைப் பற்றி: எத்தனை நாள் எடுத்தீர்கள், எத்தனை நாள் ஊசி போட்டீர்கள், பிறர் பயன்படுத்திய ஊசியா, எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள், தங்க இடம் இருக்கிறதா. மனநிலைக்கும் உடல்நிலைக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் 0 முதல் 20 வரை ஒரு அளவுகோல். வேறு போதைப்பொருள் எழுத ஒரு காலி இடம் இருக்கும், நம் ஊரில் டேபென்டடாலுக்கு அதுதான் இடம். அமெரிக்காவின் பாம் (ப்ரீஃப் அடிக்‌ஷன் மானிட்டர்) என்பதும் இதே வகை, 17 கேள்வி, கடந்த 30 நாள்.

இருபது கேள்வியில் முதல் கேள்வியே கஷ்டம். 28 நாளில் எத்தனை நாள் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. "ரெண்டு மூணு நாள் இருக்கும் மேடம்" என்பார்கள். நான் மேசையில் ஒரு மாதக் காலண்டரை விரித்து வைத்துக்கொள்வேன். அமாவாசை, முகூர்த்த நாள், லீவு எல்லாம் அச்சிட்ட சாதாரணக் காலண்டர். "சம்பளம் என்னைக்கு வந்துச்சு? இந்தச் சனிக்கிழமையா? அன்னைக்கு ராத்திரி எங்க இருந்தீங்க?" என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு நாளாக வெளியே வரும். ஒருமுறை ஒருவர் விரலால் கட்டங்களைத் தொட்டுக்கொண்டே வந்து, ஒரு முகூர்த்த நாளில் நிறுத்தினார். தங்கச்சி கல்யாணம். "அன்னைக்கு மட்டும் தொடலை மேடம். போட்டோ எடுப்பாங்கல்ல" என்றார். இதை எந்த ஸ்ட்ரிப்பும் சொல்லாது. அடுத்த மாதம் அவருக்கு நான் என்ன பேச வேண்டும் என்பது அந்த ஒரு கட்டத்தில் இருந்தது.

மறைமுகச் செலவு, பயிற்சி இல்லாத ஆள் கேட்டால் பதில் குப்பையாகிவிடும் என்பது. வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழும்படி ஊசியைப் பற்றிக் கேட்கிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். கதவு உள்ள ஒரு சின்ன அறையும் இந்த அளவீட்டின் செலவில் சேரும்.

## வாழ்க்கை எப்படி இருக்கிறது

உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளின் சுருக்கப் பதிப்பு 26 கேள்வி கொண்டது. உடல், மனம், உறவுகள், சுற்றுப்புறம் என நான்கு பகுதி. நமக்கு இதில் ஒரு உரிமை உண்டு: முதலில் இதை உருவாக்கிய 15 ஊர்களில் சென்னையும் ஒன்று, அதனால் தமிழில் இது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட மொழிபெயர்ப்பு இல்லை.

இதில் பாலியல் வாழ்க்கை பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. ஊழியர்கள் கூச்சப்பட்டுத் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். ஓபியாய்டு எதுவாக இருந்தாலும், சிகிச்சைக்குக் கொடுப்பது உட்பட, நீண்ட நாள் எடுத்தால் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையலாம். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிற கல்யாணமான ஆண்களில் சிலருக்குக் காரணம் இதுதான். கேட்டால் ஒழிய வெளியே வராது, தெரிந்தால் டாக்டரால் ஏதாவது செய்ய முடியும்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2016இல் வெளியான, குணமடைவதை அளக்கும் ஷ்யூர் என்ற கேள்வித்தாளும் உண்டு. 21 கேள்விகள். சிகிச்சை பெறுபவர்களையே கூட வைத்துக்கொண்டு உருவாக்கியது என்பதால் எனக்குப் பிடிக்கும்.

குறை, இந்த எண்கள் மெதுவாகத்தான் நகரும். வேலை போனாலும் குறையும், மழையில் வீடு ஒழுகினாலும் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

## "முடித்துவிட்டார்" என்று எண்ணுவது

இதை மட்டும் தலைமை அளவாக வைக்கவே வைக்காதீர்கள். "இந்த வருடம் 60 பேர் சிகிச்சையை முடித்தார்கள்" என்பது கேட்க அழகு. குடும்பங்களுக்கும் பணம் கொடுப்பவர்களுக்கும் பிடித்த வாக்கியம். ஆனால் ஓபியாய்டில் மருந்தை நிறுத்தி வெளியே போன முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. உடம்பு தாங்கும் அளவு இறங்கியிருக்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். முடித்தார் என்று நாம் கொண்டாடுகிற நாள் அவருக்கு அப்படிப்பட்ட நாள்.

பணத்தை இதோடு கட்டினால் என்ன ஆகும் என்று இங்கிலாந்து பார்த்துவிட்டது. 2012இல் எட்டுப் பகுதிகளில், விளைவுக்கு ஏற்பப் பணம் என்று ஒரு சோதனைத் திட்டம் ஓடியது. மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டபோது சிகிச்சையை முடித்தவர்கள் அங்கே கூடவில்லை, குறைந்தார்கள்.

## ஒரு பார்வையில்

| முறை | நன்றாகச் சொல்வது | சொல்லாதது | மறைமுகச் செலவு | எத்தனை நாளுக்கு ஒருமுறை |
|---|---|---|---|---|
| சிறுநீர் | கடந்த 2-3 நாளில் குறிப்பிட்ட சில மருந்துகள் | டேபென்டடால் (தனி ஸ்ட்ரிப் இல்லாவிட்டால்), காரணம் | நம்பிக்கை, தவறாகப் படிப்பது | சேரும்போது, அப்புறம் தேவை வந்தால் |
| தொடர்வருகை | உயிர்ப் பாதுகாப்பு, மையம் எவ்வளவு எளிதாக எட்டுகிறது | உள்ளே என்ன நடக்கிறது | ஏறக்குறைய இல்லை, விதி மட்டும் நிலையாக வேண்டும் | தினமும் பதிவு, காலாண்டுக்குக் கணக்கு |
| சிறு கேள்வித்தாள் | பழக்கம், ஊசி, வேலை, மனநிலை | பயம் இருந்தால் உண்மை | பயிற்சி, தனி அறை | 3 மாதம் |
| ஏஎஸ்ஐ | ஆளைப் பற்றிய முழுப் படம் | சிறிய மாற்றங்கள் | ஒரு மணி நேரம், ஊழியர் சோர்வு | சேரும்போது மட்டும் |
| வாழ்க்கைத் தரம் | நோயாளிக்கு எது முக்கியம் | மாற்றம் எதனால் என்பது | கூச்சம், பொறுமை | 6 மாதம் |

## யாருக்கு எது

மையம் நடத்தும் அந்த வாசகருக்கு: ஆளை வையுங்கள். கிட் மொத்தமாக வாங்க வேண்டாம். கொஞ்சம் வாங்குங்கள், டேபென்டடாலுக்குத் தனி ஸ்ட்ரிப் கிடைத்தால் அதையும் சேர்த்து. வைக்கிற ஆளுக்கு இரண்டு வேலை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருபது கேள்வி, ஒவ்வொரு வாரமும் வராமல் போனவர்களுக்குப் போன். இரண்டாவதுதான் முக்கியம். எங்கள் பதிவேட்டில் கடைசியாக ஒரு பத்தி சேர்த்தோம்: "போன் செய்த தேதி, என்ன சொன்னார்." முதல் மாதம் அதில் பாதி "எடுக்கவில்லை" என்றுதான் இருந்தது. ஆனால் ஒருவர் எர்ணாகுளத்தில் கட்டட வேலையில் இருந்தார். வேறு ஒருவர் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கூடவே இருந்தார். இருவரும் திரும்பி வந்தார்கள்.

தனியாக கிளினிக் வைத்திருக்கும் மருத்துவருக்கு நிலைமை வேறு. பின்னால் ஒரு குழு இல்லை, மாத்திரை வெளியே விற்கப்படுமோ என்ற கவலை நியாயமானது. அவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனை கொஞ்சம் அதிகமாகவே தேவைப்படும். ஆனால் சேரும் நாளிலேயே, "பாசிட்டிவ் வந்தால் உங்களை வெளியே அனுப்பமாட்டேன், டோஸைப் பற்றிப் பேசுவோம்" என்று சொல்லிவிட வேண்டும்.

பல மையங்களை ஒப்பிடுகிற அதிகாரிகள், நிதி கொடுப்பவர்கள்: ஆறு மாதத் தொடர்வருகை, சேர்ந்த எல்லோரையும் கீழே வைத்து. அதோடு மரணங்களின் எண்ணிக்கை, விட்டுப்போன பின் நடந்த மரணங்களையும் சேர்த்து. ஜெயிலிலிருந்து வருபவர்களை, தெருவில் தூங்குபவர்களைச் சேர்க்கும் மையத்தின் எண் குறைவாகத்தான் இருக்கும். அதைக் காரணமாக வைத்து நிதியை வெட்டினால் அடுத்த வருடம் அவர்களைச் சேர்க்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அந்த அம்மாவுக்கு: வீட்டில் ஸ்ட்ரிப் வாங்கி வைக்காதீங்கம்மா. பாத்ரூம் வாசலில் நின்று கேட்கும் அம்மாவாக நீங்கள் ஆகிவிட்டால் அவன் உங்களிடம் எதையும் சொல்லமாட்டான். உங்கள் வீட்டுக் காலண்டரில் சின்னதாகக் குறித்து வாருங்கள்: வேலைக்குப் போன நாள், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்ட நாள், மாத்திரை வாங்கப் போன நாள். மூன்று மாதத்தை ஒன்றாகப் பாருங்கள், ஒரு வாரத்தைப் பார்க்காதீர்கள். இடையில் ஒரு நாள் சறுக்கினால் அதையும் குறித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். "எப்போ இந்த மாத்திரையை நிறுத்துவாங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அவசரம் இல்லை என்று சொல்லுங்கள். குறைப்பதாக இருந்தாலும் டாக்டரும் அவனும் உட்கார்ந்து பேசி, மாதக் கணக்கில், மெதுவாக.